எடை குறைந்த குண்டெறிதல் குண்டைப் பள்ளி திருப்பித் தந்தால்

வணக்கம் சார். நீங்கள் விற்ற 4 கிலோ குண்டை மாவட்டப் போட்டியில் எடை குறைவு என்று ஒதுக்கிவிட்டார்கள், பள்ளி பணத்தைத் திருப்பிக் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் மாற்றிக் கொடுங்கள். பி.டி. சாரின் நம்பிக்கை போனால் அந்தப் பள்ளியின் வியாபாரமே போய்விடும்.

விதியில் 4 கிலோ என்பது குறைந்தபட்ச எடை. ஒரு கிராம் குறைந்தாலும் செல்லாது. அதனால் தயாரிப்பாளர்கள் 4.005 முதல் 4.025 கிலோவுக்குள் செய்ய வேண்டும் என்பது உலக தடகள அமைப்பின் வரம்பு. மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோ வரும் மலிவான வார்ப்பிரும்புக் குண்டுகள் எல்லாமே இதற்குள் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சரக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பாருங்கள், எடையைப் பில்லிலும் எழுதுங்கள். குறைவானதைப் பயிற்சிக்கென்று சொல்லியே விலை குறைத்து விற்கலாம். ஆனால் துரு, பெயின்ட் உதிர்வதாலும் எடை குறையும், அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பில் போடும் முன் வயதுப் பிரிவைக் கேளுங்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 3 கிலோ, பையன்களுக்கு 5 கிலோ. பெண்கள் என்றதும் 4 கிலோவை எடுத்துக் கொடுத்துவிடுவது பல கடைகளில் நடக்கிறது.