சோற்றைக் குறைத்தும் எடை இறங்கவில்லையா?

சோற்றை இன்னும் குறைக்காதீர்கள். எண்ணெயையும் டீயையும் கணக்கில் சேருங்கள். பாதிச் சோறுதான் சாப்பிடுகிறேன், ஆறு வாரமாக எடை அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலில் எண்ணெய், டீ இரண்டுமே இல்லை.

யாங்கோனில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் சீப்யான் என்ற பர்மியக் குழம்புதான் நமக்குக் கறி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. டீக்கடையில் ஊற்றும் இனிப்பு டின் பால் மேசைக்கரண்டிக்கு 60 கலோரிக்கு மேல். நாளுக்கு மூன்று டீ என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். (என் கதையும் அதுதான்.)

இரண்டு வாரம் கிண்ணத்தைச் சாய்த்து எண்ணெயை வடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். டீ ஒன்று போதும். அப்புறம் காலையில் வெறும் வயிற்றில், அதே தராசில் எடை பாருங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம்.