புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, டி-டைமர் என்ற ரத்தச் சோதனை அதிகமாக வந்தும் "கேன்சர் இருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "அப்படித்தான் இருக்கும்" என்பதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஓர் இரவு முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். முதலில் ஒன்று: மூச்சுத்திணறல் புதிதாக வந்தது என்றால் இங்கே பதில்களுக்குக் காத்திருக்காதீர்கள். அவரை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மீதியைப் போகும் வழியில் படித்துக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் இல்லை. சினைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த அம்மாவுடன் கூடவே இருந்தவள், அவ்வளவுதான்.

மூன்றாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள். குளியலறை வரை போய்த் திரும்பிய அம்மா, பேச்சு வராமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் அதே தூரத்தை என்னோடு பேசிக்கொண்டே நடந்தவர். அவசரப் பிரிவில் ஹீமோகுளோபின் 9 என்று பார்த்ததுமே ரத்தசோகை, கீமோ அசதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஈசிஜியில் இதயம் வேகமாக அடிக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 95 என்று காட்டியது. நுரையீரலில் ரத்தக்கட்டி இருந்தாலும் இதெல்லாம் இப்படியே இருக்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 118 இருந்தது, அதை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டி-டைமர் 4000-க்கு மேல் வந்தது. உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்குகளை அளக்கும் சோதனை அது. பொதுவாக 500 வரை சரி என்பார்கள், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கியும் கணக்கிடுவார்கள். அம்மாவுக்கு 61, அப்படிப் பார்த்தால் 610. புற்றுநோய், தொற்று, அறுவை சிகிச்சை என எது இருந்தாலும் இந்த எண் ஏறும் என்பது உண்மைதான். அதனால் எண் அதிகம் என்பதை வைத்து ரத்தக்கட்டி இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே காரணத்துக்காக இல்லை என்றும் சொல்ல முடியாதே! சந்தேகம் குறைவாக இருக்கும் ஒருவருக்கு எண்ணும் குறைவாக வந்தால் ரத்தக்கட்டி இல்லை என்று விடலாம், அந்தச் சோதனையின் பயன் அதுதான். சந்தேகம் பலமாக இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் நேராக ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலை வந்த பெரிய டாக்டர் அம்மாவிடம் முதலில் கேட்டது, "நேற்று முன்தினமும் இப்படித்தான் இருந்ததா?" அடுத்து போர்வையை விலக்கினார். இடது கெண்டைக்கால் வலதைவிடப் பெருத்திருந்தது. இரவு முழுக்க ஒருவர்கூட அந்தப் போர்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு நாளாகக் கால் வலிக்கிறது என்று அம்மா சொன்னபோது உட்கார்ந்து பிடித்துவிட்டவள் நான். பெரும்பாலும் காலில் உறைந்த ரத்தம்தான் பெயர்ந்து நுரையீரல் குழாயில் போய் அடைக்கிறது. நீங்கள் தயவுசெய்து பிடித்துவிடாதீர்கள்.

நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் வெல்ஸ் ஸ்கோர் என்று ஒன்றை டாக்டர் போட்டுக் காட்டினார். காலில் அறிகுறிக்கு 3, நாடி 100-க்கு மேல் என்பதற்கு 1.5, புற்றுநோய்க்கு 1. மொத்தம் 5.5. நான்கைத் தாண்டினாலே ஸ்கேன். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு, நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். வலது நுரையீரலின் இரண்டு கிளைக் குழாய்களில் அடைப்பு. அன்றே, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தொடங்கியது.

மூச்சு வாங்குகிற எல்லோருக்கும் சிடி எடுக்கச் சொல்கிறாயா, கதிர்வீச்சு இல்லையா, சிறுநீரகம் என்னாகும் என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சிடிக்கு ஏற்றும் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, காற்று போகும் இடத்துக்கு ரத்தமும் போகிறதா என்று பார்க்கும் வி-கியூ ஸ்கேன் இருக்கிறது. காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து அங்கே ரத்தக்கட்டி தெரிந்தால், அதை வைத்தே சிகிச்சையைத் தொடங்கவும் முடியும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எடுத்த சிடியிலேயே எதிர்பாராமல் இது தெரிவதும் உண்டு. அதனால் அப்பாவின் பழைய ஸ்கேன்களையும் எடுத்துப் போங்கள்.

எனக்கு ஆறாத ஒன்று, புற்றுநோய்க்கும் ரத்தம் உறைவதற்கும் தொடர்பு உண்டு என்று பாரிஸ் மருத்துவர் அர்மான் ட்ரூசோ 1865-லேயே சொல்லிவிட்டார். எங்களுக்குக் கீமோ தொடங்கும் முன் கொடுத்த தாளில் முடி கொட்டும், வாந்தி வரும், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்றெல்லாம் இருந்தது. ஒரு கால் மட்டும் வீங்கினால் வாருங்கள் என்று ஒரு வரி இல்லை.

இதை இங்கே சொல்லலாமா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்கேன் முடிவை ஆஸ்பத்திரியில் என்னிடம் சொல்லவில்லை. வெளியூரில் இருந்த அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஐந்து மாதம் மாத்திரை, ஊசி, ரிப்போர்ட் எல்லாம் என் கையில். முடிவு மட்டும் வீட்டு ஆணிடம். அண்ணன் "நுரையீரலில் கட்டியாம்" என்று சித்தியிடம் சொல்ல, புற்றுநோய் பரவிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டே வந்து நின்றார் சித்தி. ரத்தக்கட்டி வேறு, அந்தக் கட்டி வேறு என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. உங்கள் வீட்டில் சொல்லும்போது ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றே சொல்லுங்கள்.

சரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வரும்வரை இரண்டு முட்டிகளுக்கும் கீழே ஒரே உயரத்தில் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வித்தியாசமே இல்லை என்றாலும் போங்கள், கால் வீங்காமலும் இது வரும். நேற்று முன்தினம் அவரால் எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, இன்று எவ்வளவு முடிகிறது என்பதையும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.