ஜாமீன் கிடைத்தும் தம்பி பாளையங்கோட்டைச் சிறையிலேயே இருப்பது குறித்து

சகோதரிக்கு வணக்கம். முக்கூடலில் அம்மா பீடி சுற்றும் வருமானத்தில் குடும்பம் நடக்க, தம்பிக்கு ஜாமீன் உத்தரவாகி மூன்று வாரமாகியும் சொத்துள்ள ஜாமீன்தாரர் இருவர் அமையாததால் அவர் பாளையங்கோட்டை மத்திய சிறையிலேயே இருப்பதாக எழுதியிருந்தீர்கள்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாட்களுக்குள் கைதி விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதனை இலவச சட்ட உதவி வழங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாதத்திற்குள் பிணைப்பத்திரம் தர இயலாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். ஆனால் காகிதம் தானாக நகரும் என்று காத்திருப்பது வீண். ஜாமீன் உத்தரவு நகலுடன் ஆணைக்குழு அலுவலகத்திற்கு நீங்களே செல்லுங்கள். காவலில் இருப்பவர் எவரும், வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வழக்கறிஞர் பெறலாம். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுவுடன் குடும்ப அட்டையையும் அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையையும் இணைத்தால், குடும்பத்தின் வறுமையும் ஊரில் நிலையாக வாழ்வதும் ஒருங்கே விளங்கும்.

நீதிமன்ற வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் ஜாமீன் கையெழுத்திட ஆள் தருவதாகச் சொன்னார் என்றும் எழுதியிருந்தீர்கள்; அவரை அண்டவே வேண்டாம். சொத்துக்குச் சான்றாக அவர் கொண்டுவரும் வீட்டு வரி ரசீது போலியென்று தெரிந்தால், ஜாமீன் ரத்தாவதோடு புது வழக்கும் சேரலாம்.

புதிய வழக்கறிஞர் அமைந்தால், அவரை அமர்த்தும் பத்திரமான வக்காலத்தில் தம்பியின் கையெழுத்தும் சிறை அதிகாரியின் சான்றொப்பமும் வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த முறை சிறையில் மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கச் செல்லும்போதே அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.