பணமும் ஆளும் இருந்தும் வெளிநாட்டு நிவாரணம் ஏன் தாமதமாகிறது?

ஐ.நா., செஞ்சிலுவை போன்ற பெரிய அமைப்புகளே ஏன் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடை அனுமதிதாங்க. பாதிக்கப்பட்ட நாட்டு அரசு சரி என்று சொல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. 2008இல் நர்கிஸ் புயல் மியான்மரை அடித்துப் போட்டபோது, அங்கிருந்த ராணுவ அரசு வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு விசா தராமல் வாரக்கணக்கில் இழுத்தடித்தது, பொருள் எல்லாம் பக்கத்து நாட்டில் காத்துக் கிடந்தது.

அனுமதி கிடைத்தாலும் வழி வேண்டுமே. 2015 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டு விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுதளம், அதுவும் பழுதானதால், சில நாளில் பெரிய விமானங்களை இறங்க விடாமல் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம், தேவையில்லாத பொருள். இதை நான் கண்ணால் பார்த்தேன். 2004 சுனாமிக்கு எங்கள் திருப்பூரில் பனியன் துணி மூட்டைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனோம். அங்கே சாலையோரம் பழைய துணி மலைமாதிரி குவிந்து, மழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா எங்களிடம், "துணி வேண்டாம் தம்பி, சமைக்கப் பாத்திரம் இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் ஒரு குண்டான்கூட இல்லை. அந்த ஊர்க்காரர்களிடம் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. உலக அளவிலும் இதே கதைதான் நடக்கிறது, வேண்டாத பொருள் துறைமுகத்தையும் கிடங்கையும் அடைத்துக்கொள்ள மருந்து பின்னால் நிற்கும்.

நீங்கள் நினைக்கிற மாதிரி பணமும் தாராளம் இல்லை. 2023இல் ஐ.நா. கேட்ட மனிதநேய உதவித் தொகையில் பாதிகூட வரவில்லை.