வாசகர் கேள்வி பதில்: குரலால் வென்ற ஈவ் ஆர்டன்

கேள்வி: அமெரிக்க நகைச்சுவை நடிகை ஈவ் ஆர்டனுக்குத் திரைப்படங்களைவிட வானொலியே பெரும்புகழைத் தந்தது என்று கேள்விப்பட்டேன். முகம் தெரியாத ஓர் ஊடகத்தில் அது எவ்வாறு இயன்றது?
(வாசகி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: கலிபோர்னியாவின் மில் வேலியில் 1908இல் பிறந்த இவருடைய இயற்பெயர் யூனிஸ் குவீடன்ஸ். மேடையிலிருந்து திரைக்கு வந்த இவருக்குக் கதாநாயகியின் தோழி வேடங்களே தொடர்ந்து கிடைத்தன. 1945இல் வெளியான 'மில்ட்ரெட் பியர்ஸ்' படத்தில் அத்தகைய வேடத்துக்கே சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். முகபாவனையைவிட, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் போகிறபோக்கில் சொல்வதுபோல் ஒரு சொல்லை வீசிவிட்டு நிறுத்தும் குரலே அவருடைய உண்மையான வலிமை என்பது என் கருத்து. அந்தக் குரலுக்கு முழு இடமும் கொடுத்தது 1948 ஜூலையில் சிபிஎஸ் வானொலி தொடங்கிய 'அவர் மிஸ் புரூக்ஸ்' தொடர்.

அதில் அவர் மேடிசன் உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை கோனி புரூக்ஸ். சம்பளம் போதாது, கார் எப்போதும் பழுது பார்க்கும் கடையில் கிடக்கும், மாணவன் வால்டர் டென்டனின் வண்டியில் பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே தலைமையாசிரியர் கான்கிளின் சீறுவார், புரூக்ஸ் மனம் வைத்திருக்கும் உயிரியல் ஆசிரியர் பாய்ன்டனோ கூச்சத்தால் எதையும் புரிந்துகொள்ள மாட்டார். இத்தனைக்கும் நடுவே அறிவும் சுயமரியாதையும் குன்றாத ஒரு பெண்ணாக அவரைக் கேட்டதால்தான், ஆசிரியர்களே அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள். கனெக்டிகட் ஆசிரியர் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் 1952இல் அவருக்கு விருது அளித்தது. பள்ளிகளிலிருந்து உண்மையாகவே ஆசிரியை வேலைக்கு அழைப்புகளும் வந்தன. ஒரு நடிகைக்கு ஆஸ்கரைவிட இது சிறிய பெருமை என்று நான் எண்ணவில்லை.

கேள்வி: அதே தொடர் தொலைக்காட்சிக்குச் சென்றபோது வரவேற்பு நீடித்ததா?
(வாசகர் ஒருவர், நாகர்கோவில்)

பதில்: 1952 அக்டோபரில் தொடங்கிய தொலைக்காட்சி வடிவம் தொடக்கத்தில் நன்றாகவே ஓடி, அவருக்கு எம்மி விருதையும் பெற்றுத் தந்தது. வானொலியில் பாய்ன்டனுக்குக் குரல் கொடுத்த ஜெஃப் சாண்ட்லருக்குப் பதிலாக ராபர்ட் ராக்வெல் திரையில் தோன்றினார். தலைமையாசிரியர் கான்கிளினாக வந்த கேல் கார்டனும் வால்டர் டென்டனாக வந்த ரிச்சர்ட் கிரென்னாவும் இரண்டிலும் நடித்தார்கள். ஆனால் கடைசிப் பருவத்தில் நெடுஞ்சாலைக்காக மேடிசன் பள்ளி இடிக்கப்பட்டதாகக் கதையை மாற்றி, புரூக்ஸை ஒரு தனியார் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பியது தவறான முடிவு; பார்வையாளர்கள் விரும்பிவந்த அந்தப் பள்ளிக்கூட உலகமே அதனால் கலைந்துபோயிற்று. 1956இல் தொலைக்காட்சித் தொடர் முடிந்தது. வானொலியில் அது 1957 வரை ஒலித்தது.

பின்னர் 'தி மதர்ஸ்-இன்-லா' தொடரில் 1967 முதல் இரண்டு பருவங்கள் நடித்தார். 1978இல் 'கிரீஸ்' படத்தைப் பார்க்க வந்த இளைஞர்கள் பலருக்கு அவர் புதுமுகமாகத் தோன்றியிருக்கக்கூடும். அதில் அவர் ஏற்றது பள்ளித் தலைமையாசிரியை வேடம்.