சுருகாவில் ஏன் இறங்கி ஏற வேண்டும்? கேள்விகளும் பதில்களும்

ஜப்பான் கடலோரத்தில், ஃபுகுய் மாகாணத்தில் இருக்கிறது சுருகா. அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். 2024 மார்ச் 16 முதல் ஹொகுரிகு ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில் டோக்கியோவிலிருந்து இதுவரை ஓடி, இங்கேயே நின்றுவிடுகிறது. ஒசாகா, கியோட்டோ இருக்கும் கன்சாய் பக்கம் வசிப்பவன், ரயில் பித்தன் என்ற இரண்டு தகுதிகளோடு, இந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஒசாகாவிலிருந்து கனாசாவாவுக்கு முன்பெல்லாம் ஒரே ரயிலில் உட்கார்ந்தபடி போனோம். இப்போது சுருகாவில் மூட்டை முடிச்சுகளோடு இறக்கிவிடுகிறார்கள். யாருடைய யோசனை ஐயா இது?

எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. வேறொரு திட்டம் தோற்றதால் வந்த நிலை இது. ஷிங்கான்சென் ஓடுவது 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையில்; ஒசாகாவிலிருந்து வரும் தண்டர்பேர்ட் விரைவு ரயில் ஓடுவது 1,067 மில்லிமீட்டர் குறுகிய பாதையில். ஓடும்போதே சக்கரங்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ரயில் ஒன்றைச் செய்து, சுருகாவில் பாதை மாற்றி, ஆளை எழுப்பாமல் ஒசாகாவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த ரயில் சோதனைகளில் தேறவில்லை. 2018-இல் இந்தத் தடத்துக்கு அது வேண்டாம் என்று கைவிட்டார்கள். மிஞ்சியது, பயணி தானே இறங்கி ஏறுவது.

இத்தனைக்கும் மிச்சமாகும் நேரம் என்ன தெரியுமா? ஒசாகா–கனாசாவா அதிவேகப் பயணம் 2 மணி 31 நிமிடத்திலிருந்து 2 மணி 9 நிமிடமாகியிருக்கிறது. 22 நிமிடம். டிக்கெட் விலையும் ஏறியிருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஃபுகுய்க்குப் போகிறவருக்கு இந்த நீட்டிப்பு வரம். ஒசாகாக்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கேள்வி: மாறுவதற்கு எட்டு நிமிடம்தான் தருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. முடியுமா?

முடியும், பதற்றப்படாமல் இருந்தால். ஷிங்கான்சென் நடைமேடை மூன்றாம் தளத்தில், மாறிச் செல்லும் வாயில்கள் இரண்டாம் தளத்தில், தண்டர்பேர்டும், நாகோயா பக்கம் போகும் ஷிரசாகி விரைவு ரயிலும் நிற்கும் நடைமேடை நேர் கீழே முதல் தளத்தில். பக்கவாட்டில் நடப்பது குறைவு, இறங்குவதுதான் வேலை. நகரும் படிகள் வரிசையாக இருக்கின்றன. லிஃப்ட் தேவைப்பட்டால் அது எந்தப் பெட்டிக்கு அருகே வருகிறது என்று பார்த்து அங்கே இருக்கை எடுங்கள். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் இறங்குவதால் லிஃப்டுக்கு வரிசை நிற்கும். அம்மாவோடு போகும்போது அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. இந்த இரண்டு விரைவு ரயில்களிலும் இப்போது எல்லா இருக்கைகளும் முன்பதிவுதான். ஏறிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் உதவாது.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். மேலே சொன்னது விரைவு ரயிலுக்கு. ஒபாமா என்ற ஊர்ப் பக்கம் போகும் வழித்தட ரயிலோ, கூடுதல் கட்டணமில்லாத ஷின்கைசொக்கு ரயிலோ பிடிக்க வேண்டுமென்றால், அவை பழைய நிலையத்தில் நிற்கின்றன. நீண்ட இணைப்புப் பாலம், அதில் நகரும் நடைபாதை. அதற்கு எட்டு நிமிடத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் வைத்திருக்கிறேன். சுருகாவிலிருந்து ஃபுகுய்க்கு உள்ளூர் ரயிலில் போகலாமா?

அந்தப் பழைய பாதை இப்போது ஜே.ஆர். கையில் இல்லை. ஷிங்கான்சென் வந்த அன்றே ஹாபி-லைன் ஃபுகுய் என்ற நிறுவனத்துக்கு மாறிவிட்டது. பாஸ் இருந்தால் ஷிங்கான்சென்னில் போய்விடுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் போனபோது தண்டர்பேர்ட் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. காரணம் என்ன?

காற்று. கியோட்டோவுக்கும் சுருகாவுக்கும் இடையே தண்டர்பேர்ட் பிவா ஏரியின் மேற்குக் கரையில் கொசெய் பாதையில் ஓடுகிறது. ஹிரா மலையிலிருந்து இறங்கும் காற்று அங்கே ரயிலைத் தடுமாற வைக்கும் வலிமை கொண்டது. வேகம் எல்லை தாண்டினால் பாதையை மூடிவிட்டு, ஏரியின் கிழக்கே மைபாரா வழியாகச் சுற்றி அனுப்புவார்கள். அரை மணிக்கு மேல் தாமதம் வரலாம். குளிர்காலத்தில் விமானம் பிடிக்கப் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: சுருகாவுக்கு வடக்கே இருக்கும் சுரங்கத்தில் பெரிய விபத்து நடந்ததாமே?

நடந்தது. 1962-இல் திறந்த ஹொகுரிகு சுரங்கம் 13.87 கிலோமீட்டர் நீளம். 1972 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டிய நேரம். அதில் ஓடிக்கொண்டிருந்த விரைவு ரயிலின் உணவுப் பெட்டியில் தீப்பிடித்தது. தீ என்றால் உடனே நிறுத்து என்பது அன்றைய விதி. ஓட்டுநர் விதிப்படி நிறுத்தினார், சுரங்கத்தின் நடுவே. புகை சூழ்ந்து 30 பேர் இறந்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு நடந்தது. 1969-இல் இதே சுரங்கத்தில் இன்னொரு ரயிலில் தீப்பிடித்தபோது, ஓட்டுநர் நிறுத்தாமல் வெளியே ஓட்டிக்கொண்டு வந்தார், யாரும் சாகவில்லை. விதியை மீறினார் என்று அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். 1972-க்குப் பிறகு விதி தலைகீழானது: சுரங்கத்தில் தீ என்றால் வெளியே ஓட்டு. 1969-இல் ரயிலை வெளியே ஓட்டி வந்தவரின் தண்டனையும் ரத்தானது. இன்று ஷிங்கான்சென் செல்வது பக்கத்தில் குடைந்த புதிய சுரங்கத்தில். அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

கேள்வி: இவ்வளவு சிறிய ஊருக்கு இத்தனை பாதைகள் ஏன்?

வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பிவா ஏரியின் வடமுனையிலிருந்து சுருகா கடற்கரை இருபது கிலோமீட்டர் தொலைவுக்குள்தான். ஏரியில் படகேறினால் கியோட்டோவின் வாசல் வரை போய்விடலாம். வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு இங்கே இறங்கி, மலை தாண்டி, மறுபடி ஏரிப் படகில் ஏறியது. அதாவது இங்கே இறங்கி ஏறுவது நேற்று வந்த தொல்லை அல்ல. இந்தத் தொல்லையை ஒழிக்க தைரா நோ கியொமொரி 12-ஆம் நூற்றாண்டிலேயே கால்வாய் வெட்டச் சொன்னதாகச் சொல்வார்கள். மலை இடம் கொடுக்கவில்லை.

ரயில் 1882-லேயே வந்துவிட்டது. 1899-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் துறைமுகம் திறந்தது. 1912-இல் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து நேராகச் சுருகா துறைமுகத்துக்கே ரயில் விட்டார்கள். அங்கே கப்பலேறி விளாதிவோஸ்தோக், பிறகு சைபீரிய ரயில், பதினேழு நாளில் பாரிஸ். அந்தத் துறைமுகப் பாதை கடைசியில் சரக்கு மட்டும் ஓடி, 2019-இல் முறைப்படி மூடப்பட்டது. ரயில் விளக்குகளை வைக்க 1882-இல் கட்டிய செங்கல் விளக்கறை ஒன்று எஞ்சியிருக்கிறது; ரயில் பிரியர்கள் தவறவிடக் கூடாது.

கேள்வி: யூத அகதிகள் வந்து இறங்கிய துறைமுகம் இதுதானா?

இதுதான். 1940-இல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதர் சியுனே சுகிஹாரா எழுதிக் கொடுத்த விசாக்களோடு, சைபீரியாவைக் கடந்து, விளாதிவோஸ்தோக்கில் கப்பலேறி இங்கே இறங்கினார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, சைபீரியாவில் தவித்த எழுநூறுக்கும் மேற்பட்ட போலந்துக் குழந்தைகளும் இதே கரையில்தான் இறங்கினார்கள்.

துறைமுகத்தருகே இருக்கும் சுருகா முசெயும் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். சுகிஹாராவைப் பற்றி வேறு இடங்களிலும் படிக்கலாம். இங்கே மட்டும் கிடைப்பது ஊர்க்காரர்கள் சொன்ன நினைவுகள்: பொதுக் குளியலகம் ஒருநாள் அகதிகளுக்கு இலவசமாகத் திறந்தது, ஆப்பிள் கொடுத்த பையன், கைக்கடிகாரத்தை விற்றுச் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கியவர்கள். எனக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும்.

கேள்வி: அணுமின் நிலையம் இருக்கும் ஊர் என்கிறார்களே, போகலாமா?

தாராளமாக. நிலையங்கள் நகரத்திலிருந்து தள்ளி, தீபகற்பத்தில் இருக்கின்றன. முதல் உலை 1970 மார்ச்சில், ஒசாகா உலகக் கண்காட்சி தொடங்கிய நாளில் இயங்கத் தொடங்கியது, இப்போது மூடியாயிற்று. இரண்டாம் உலையின் அடியில் உயிருள்ள நிலப்பிளவு இருக்கலாம் என்று 2024-இல் மறுஅனுமதியை மறுத்துவிட்டார்கள். 1995-இல் சோடியம் கசிந்த மொஞ்சு உலையும் இங்கேதான். அதைப் பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது. அந்தத் தொழில் தளர்ந்துவரும் நேரத்தில் ஷிங்கான்சென் வந்திருப்பதால், ஊர் அதன்மீது வைத்திருக்கும் நம்பிக்கை பெரியது.

கேள்வி: ஷிங்கான்சென் ஒசாகா வரை எப்போது போகும்? அப்போது சுருகாவின் கதி?

ஒபாமா, கியோட்டோ வழியாகப் போவது என்று 2016, 2017-லேயே தீர்மானித்தார்கள். ஆனால் கியோட்டோவில் நிலத்தடி நீர் என்னாகும் என்று சாக்கே என்ற அரிசி மது வடிப்பவர்கள் உட்படப் பலர் கவலைப்படுகிறார்கள். செலவு மதிப்பீடும் எகிறிக்கொண்டே போனது. மைபாரா பக்கம் திருப்பலாம் என்ற குரலும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வரையிலும் சுருகாவில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். ஊருக்கு இதில் நஷ்டமில்லை.

கேள்வி: மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

ஊர் இருக்கும் மேற்கு வாயிலில் வெளியே வாருங்கள். எதிரிலேயே நகராட்சி அமைத்த புத்தகக் கடை சியெனாமிகி. ஜப்பானிய மொழி தெரியாதவரும் அலமாரிகளைச் சுற்றிவரலாம். அங்கிருந்து கேஹி கோவிலுக்கு நடந்தே போகலாம். வழியெல்லாம் விண்வெளி ரயில் காமிக்ஸ் பாத்திரங்களின் வெண்கலச் சிலைகள். கோவிலின் மரத் தோரண வாயில் 11 மீட்டர் உயரம். கவிஞர் பாஷோ 1689-இல் முழுநிலவு பார்க்க இங்கே வந்தார்; பௌர்ணமியன்று மழை. ஆகையால் குடை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் மிஞ்சினால் பைன் மரக் கடற்கரைக்குப் பஸ்.

வாங்க வேண்டியது ஒபொரோ கோம்பு. ஹொக்கைடோ கடற்பாசியைக் கையால் மெல்லிய இழையாகச் சீவியது. சூடான சாதத்தில் போட்டால் போதும். தாவர உணவுக்காரர்களுக்கும் ஏற்றது, ஆனால் சுவை சேர்த்த பொட்டலங்களில் மீன் சாறு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இங்கிருந்து ஹொக்கைடோவுக்குக் கப்பல் உண்டா?

உண்டு. நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் தொமாகொமாய் கிழக்குத் துறைமுகத்தில் இறக்கிவிடும். அந்தத் துறைமுகம் ஊருக்கு வெகு தொலைவில் இருக்கிறது, சேரும்போது இரவாகிவிடும். மேலே போக பஸ் இருக்கிறதா என்பதைக் கப்பல் டிக்கெட் எடுக்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.