தோள்பட்டைத் தசைநாண் அழற்சி: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 46. கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதக் கையைத் தூக்கினால் பாதி வழியில் வலது தோள் சுரீரென்று வலிக்கிறது. இன்னும் உயர்த்தினால் வலி தணிகிறது. மூன்று வாரங்களாகக் கைக்கு ஓய்வு கொடுத்தும் பயனில்லை.

பதில்: அம்மா, கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஏறத்தாழ 60 முதல் 120 பாகைக்குள் வலித்து அதற்கு மேல் தணிவது இந்தப் பாதிப்பின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. தோள் மூட்டைப் பொருத்திப் பிடிக்கும் நான்கு தசைகளில், தோள் முகட்டு எலும்புக்கு அடியில் செல்லும் மேல் தசையின் நாண்தான் பெரும்பாலும் நோகிறது. அழற்சி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் நாள்பட்ட வலியில், வீக்கத்தைவிட, தாங்கும் அளவுக்கு மீறிய வேலையால் நாணின் இழைகள் நலிந்திருப்பதே பெரிது. நலிந்த நாண் அளவான சுமையைப் பழகித்தான் வலுப்பெறும் என்பதால், முழு ஓய்வு அதை மேலும் தளர்த்திவிடும்.

முழங்கையை மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி நின்று புறங்கையால் சுவரைத் தள்ளுங்கள். கை நகரக் கூடாது. தசை மட்டும் இறுக வேண்டும். 30 வினாடி வீதம் ஐந்து முறை செய்யுங்கள். இது எளிதானபின், கதவின் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கும் பயிற்சிக்கு மாறலாம். பயிற்சியின்போது பொறுத்துக்கொள்ளும் அளவு வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் அஞ்ச வேண்டாம். அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள். 12 வாரங்களாவது விடாமல் செய்யுங்கள். அதுவரை பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், நாணைச் சீராக்காது. போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை அளவு ஏறக்கூடும் என்பதால், உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வலி குறைந்த அந்த நாட்களைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்துங்கள். வலி போய்விட்டதென்று சிலிண்டரைத் தூக்கிவிட்டு மீண்டும் வந்தவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். இன்னொன்று, பிறர் பிடித்துத் தூக்கினாலும் உங்கள் கை மேலே வராவிட்டால், அது சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் தோள் இறுக்கமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. எம்ஆர்ஐ அறிக்கையில் நாணில் பகுதிக் கிழிசல் என்று உள்ளது. எலும்பைச் சீவும் அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த வயதில் வலியே இல்லாதவர்களின் தோளிலும் இத்தகைய கிழிசல் காணப்படுவதுண்டு. எலும்பைச் சீவியவர்களையும், கருவியை உள்ளே செலுத்திப் பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இரு தரப்பினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் விழுந்து அடிபட்ட பின் திடீரென்று கையைத் தூக்க முடியாமல் போயிருந்தால், தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரவில் தூங்கவே முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: வலியில்லாத பக்கமாகப் படுத்து, மார்புக்கு முன்னால் ஒரு தலையணையை வைத்து, அதன் மேல் நோகும் கையைக் கிடத்துங்கள். மல்லாந்து படுப்பதானால் முழங்கைக்கு அடியில் மடித்த போர்வையை வையுங்கள். கை பின்னால் சரியாமல் இருந்தாலே பலருக்கு உறக்கம் வந்துவிடுகிறது.